காற்று வந்தால் நெட்டு போகும்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். புள்ளி வைக்க வேண்டிய எழுத்துக்கு வைக்காமல் விட்டிருப்பேன், வேண்டாததற்கு வைத்திருப்பேன். மகள் உட்கார்ந்து திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் கண்ணுக்கும் தப்பியது இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குக் குரல் எழும்பாது. ஊர்க் கூட்டத்தில் செருப்புகள் கிடக்கிற வாசல் ஓரமாக உட்கார்ந்து, எல்லோரும் கையைத் தூக்கும்போது நானும் தூக்கிவிட்டு வந்துவிடுவேன். இப்படிப்பட்ட ஒருவன் இரண்டு மாதம் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஊர் பேர் தெரியாதவர்களிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டி வந்தது. காரணம் என் மகள்.

மகள் பொன்னேரி கல்லூரியில் படித்தவள். ஆரம்பாக்கம் பக்கம் கட்டிக் கொடுத்தோம். ஒரு தடவை கை உடைந்து, கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். சமாதானம் பேசித் திருப்பி அனுப்பினோம். அனுப்பியவர்களில் நானும் ஒருவன். அடுத்த தடவை இடுப்பில் குழந்தையோடு வந்தாள், திரும்பிப் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் வந்து முறையிட்டார்கள். “சம்பாத்தியம் இல்லாத பொண்ண எத்தினி நாளைக்கு வெச்சிக்கினு இருப்பாங்கோ? அனுப்பச் சொல்லுங்க” என்றார்கள். பெரியவர்கள் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, “வைகாசி முடியட்டும். அதுக்குள்ள அந்தப் பொண்ணு சொந்தக் கால்ல நிக்குதான்னு பாப்போம்” என்று தவணை வைத்தார்கள்.

அவள் நிற்பதற்கு ஒரு இடம் பிடித்தாள். சென்னையில் ஒரு கம்பெனி. பிரிட்ஜ், வாஷிங் மெஷின் வாங்கியவர்கள் பழுது என்று போன் செய்தால் எடுத்துப் பேச வேண்டும். வீட்டிலிருந்தே பேசலாம், குழந்தையும் பக்கத்தில் இருக்கும். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை டூட்டி. மூன்று மாதம் பார்ப்பார்கள், சரியாக இருந்தால்தான் வேலை நிரந்தரம். ஆனால் வீட்டில் ஒயர் இழுத்த நெட்டு இருக்க வேண்டும், டூட்டி நேரத்தில் அது அறுந்து அறுந்து போகக் கூடாது. எங்கள் காலனி வீட்டுக்குள் செல்போனுக்கு ஒரு கோடுதான் நிற்கும், அதை நம்ப முடியாது. எனவே என் ஆதார் அட்டையைக் கொடுத்து, என் பெயரில் நெட்டு போட்டோம். நெட்டுப் பெட்டி வந்த அன்றைக்கு என் மனைவி அதற்குக் குங்குமப் பொட்டு வைத்தாள்.

பங்குனியில் வேலை தொடங்கியது. உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் பேசுவது வெளியே கேட்கும். “சாரிங்க சார். உங்க கஷ்டம் எனக்குப் புரியுது சார்.” எங்களிடம் ஒரு நாளும் அந்தக் குரலில் பேசியதில்லை. என் மனைவி கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “யாரோ ஒருத்தன் பிரிட்ஜு கெட்டுப்போனதுக்கு இவ ஏன் சாரி சொல்றா?” என்பாள்.

இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நாள் பகலில் பாதிப் பேச்சில் குரல் நின்றது. கழுத்தில் ஹெட்போனோடு வெளியே வந்தாள்.

“நைனா, சிவப்பு எரியுது.”

பெட்டியில் வரிசையாகப் பச்சை விளக்குகள். அவற்றில் ஒன்று அணைந்து, பக்கத்தில் சிவப்பு எரிந்தால் நெட்டு இல்லை என்று அர்த்தம். கால் மணி நேரத்தில் தானாகவே பச்சை வந்தது. மறுநாள் மறுபடி போனது. அதற்கடுத்த நாள் நாலு தடவை.

புகார் சொல்ல என் போனிலிருந்துதான் அழைக்க வேண்டுமாம், என் குரலில்தான் பேச வேண்டுமாம். அவள் டூட்டியில் இருக்கும்போது அவளால் கூப்பிட முடியாது. எனவே நான். முதலில் ஒரு மெஷின் குரல். தமிழுக்கு ஒன்று, பழுதுக்கு மூன்று, பழைய புகாருக்கு இன்னொன்று. என் விரல் மீன் செதில் அறுத்துக் காய்ந்த விரல், சில சமயம் அழுத்துவதைப் போன் கவனிக்காது. எண்ணை அழுத்தாத ஆளென்று நினைத்து மெஷின் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பிறகு பாட்டு. பாட்டு முடிந்து ஒரு பெண்.

“வணக்கம் சார். உங்களுக்கு எப்படி உதவலாம்?”

நான் சொன்னேன். சொன்னதாகத்தான் நினைத்தேன்.

“சார், உங்க வாய்ஸ் கேக்கல சார். லைன்ல இருக்கீங்களா?”

பின்னாலிருந்து என் மனைவி, “நல்லா வாயத் தொறந்து பேசுய்யா. ஐஸ்ல வெச்ச மீனு மாதிரி கீறியே” என்றாள். அது மட்டும் அந்தப் பெண்ணுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

பெட்டியை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போடச் சொன்னாள். போட்டேன். பச்சை வந்தது.

“இப்ப ஓகேவா சார்?”

“ஓகேம்மா.”

“வேற ஏதாவது உதவி வேணுமா சார்?”

“இல்லம்மா. நீ சாப்ட்டியாம்மா?”

ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. “இன்னும் இல்ல சார். இந்தக் கால் முடிஞ்சதும் உங்க திருப்திக்கு ஒன்னுலருந்து அஞ்சு வரைக்கும் ஒரு நம்பர் அழுத்துங்க சார்” என்றாள். நான் ஐந்தை அழுத்தினேன். என் மகளுக்கும் யாரோ முகம் தெரியாதவர்கள் அழுத்துகிற எண்ணில்தான் வேலை என்று எனக்குத் தெரியும். யார் வீட்டுப் பெண்ணோ, நம்மால் ஏன் கெட வேண்டும்?

அதற்குப் பிறகு நான் ஒரு இடத்தில் உட்காரவில்லை. வீட்டுக்குள் போவேன், பெட்டியைப் பார்ப்பேன், வெளியே வருவேன். எங்கள் வீட்டுக்கு வரும் ஒயர், தெருக்கோடிக் கம்பத்திலிருந்து எதிர்வீட்டு வாசல் மேலாகத் தாண்டி வருகிறது. அது எங்கேயாவது அறுந்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே கம்பம் வரை நடப்பேன். நடுவில் ஒரு சவுக்குக் கம்பு நட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நான் அதைத் தூக்கிக் கட்டியிருந்தேன். போட்ட இரண்டு மூன்று வாரத்தில் அது தொய்ந்து, தலையில் அன்னக்கூடை வைத்துப் போகிற பெண்களின் கழுத்துயரத்துக்கு இறங்கிவிட்டது, அதனால். கட்டு உறுதியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பேன். கொஞ்சம் தளர்ந்திருந்தால் இறுக்கிவிட்டு வருவேன். அதைச் செய்தால் மனசு அரை மணி நேரம் நிற்கும். பிறகு மறுபடி நடப்பேன்.

இப்படி நடந்து நடந்துதான் ஒன்று கண்டுபிடித்தேன். காலையில் நெட்டு போவதே இல்லை. பதினோரு மணிக்கு மேல் கடல்காற்று எழும்பும், சவுக்குத் தோப்பு இரைய ஆரம்பிக்கும். சிவப்பும் அப்போதுதான் எரியும். சாயங்காலம் காற்று தணிந்தால் பச்சை. ஐந்து நாள் பார்த்தேன். ஐந்து நாளும் அப்படியே. ஓடிப்போய்ப் போன் செய்தேன். இந்தத் தடவை வேறு ஒரு பெண்.

“அம்மா, காத்து வந்தா நெட்டு போவுது.”

“சார்?”

“கடல் காத்தும்மா. பதினோரு மணிக்கு மேல அடிக்கும்.”

“சார், நீங்க சொல்றது டிஷ் ஆன்டெனாவா சார்?”

“இல்லம்மா. நெட்டுதான்.”

“இது ஃபைபர் சார். காத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார். பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?”

பார்த்தேன் என்று சொன்னேன். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள். அந்த நேரம் பார்த்துக் காற்று ஓய்ந்திருக்க வேண்டும், பச்சை வந்துவிட்டது. “வந்துருச்சு பாருங்க சார்” என்று அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டாள். நானும் சந்தோஷமாக ஐந்தை அழுத்தினேன்.

மகளுக்குக் கம்பெனியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது அந்த வாரம்தான். போனில் வந்ததை எங்களுக்குப் படித்துக் காட்டினாள். லைன் இத்தனை தடவை அறுந்திருக்கிறது, இன்னொரு கடிதம் வந்தால் வேலை இல்லை. அழவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என் போனை வாங்கி, புகார் எல்லாம் என்ன ஆயிற்று என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் தலையைத் தூக்கினாள்.

“நைனா, அஞ்சு அழுத்தினியா?”

“ஆமா.”

“எல்லா தபாவும்?”

“ஆமாம்மா. பாவம், அந்தப் பொண்ணுங்கோ...”

“அஞ்சு அழுத்தினா வேலை முடிஞ்சிச்சுன்னு கம்ப்ளைன்ட்ட மூடிடுவாங்கோ நைனா. நாலு கம்ப்ளைன்ட்டையும் நீதான் மூடிக்கீற!”

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “ஊருக்கெல்லாம் நல்லவரு. ஊட்டுக்கு ஒன்னியும் இல்ல” என்றாள். நான் எழுந்து ஏரிக்கரைக்குப் போய்விட்டேன். கரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். பெண்ணை ஒரு தடவை சமாதானம் பேசி அனுப்பியதும் யாரையும் நோகடிக்க மனசு வராமல்தான் என்று நினைப்பு வந்தது. அன்றைக்கு மதியம் சாப்பிட்டதும் நின்றுகொண்டேதான்.

மறுநாள் புதிய புகார் போட்டேன். எண் எதையும் அழுத்தவில்லை. ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். நாளை பத்து மணியிலிருந்து ஆறு மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் வருவார்.

நாளை என் பாடு.

கடலோடு சேர்ந்த எங்கள் ஏரியில் இறால் விழுகிற இடங்கள் கொஞ்சம். எல்லோரும் ஒரே இடத்தில் வலை போட முடியாது. அதனால் முறை வைத்திருக்கிறோம். இன்றைக்கு இந்த இடத்தில் இன்னார் வலை என்று முறை வருவதைத்தான் பாடு என்போம். ஒரு நாள் விட்டால் மறுபடி வர வாரத்துக்கு மேல் ஆகும். எதிர்வீட்டுக்காரரும் நானும் ஒரே படகு, ஒரே பாடு. அவர் எனக்கு மச்சான் முறை. “நீ வா மச்சான். நெட்டுக்காரன் வந்தா உன் பொண்ணு காட்டாதா?” என்றார். போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தலைப்பாகையில் செருகிக்கொண்டு போனேன்.

இடுப்பளவு தண்ணீரில் சுத்துவலையை இழுத்துக்கொண்டிருந்தபோது தலையில் போன் அடித்தது. ஏரி நடுவில் நாலு கோடும் நிற்கும், அதில் ஒரு குறையும் இல்லை.

“தலைவரே, நெட்டு ஆபீஸ். உங்க ஊட்டு வாசல்ல நிக்கிறேன். உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க. அது போட்டாத்தான் வேலைய ஆரம்பிக்க முடியும்.”

கை ஈரம். பேச்சை எப்படியோ எடுத்தாயிற்று, ஆனால் நம்பரைப் பார்க்க ஈரக் கைக்குப் போன் திறக்கவில்லை. மச்சானும் ஈரம். துடைக்கலாம் என்றால் என் தலைப்பாகைகூட வேர்வையில் நனைந்திருந்தது. கடைசியில் மச்சான் தன் தலைமுடியில் விரலைத் துடைத்துவிட்டு அழுத்தினார், திறந்தது. வெயிலில் கண்ணாடி பளபளத்து எழுத்து தெரியவில்லை. நான் குனிந்து நிழல் கொடுத்தேன். மச்சான் படித்தார்.

“எட்டு, ரெண்டு, ஆறு... இது ஆறா ஒம்பதா மச்சான்?”

“போன நேராப் புடி.”

“நேராத்தாண்டா புட்ச்சிக்கினு கீறேன். நீ தலகீழா பாக்குற.”

“தலைவரே, டைம் முடிஞ்சி போச்சு” என்றது போன். “வேற நம்பர் அனுப்புறேன். ஊட்டாண்ட வரீங்களா?”

கையில் பாதி இழுத்த வலை. விட்டுவிட்டு வந்தால் மச்சான் பாடும் சேர்ந்து போகும். அடுத்த எண் வருவதற்குள் வலை கனத்துவிட்டது, இரண்டு பேரும் அதைப் பிடிக்க வேண்டியதாயிற்று. கரை ஏறிக் கூப்பிட்டபோது அவர் சுண்ணாம்புக்குளம் ஊரில் வேறு ஒரு வீட்டு மாடியில் இருந்தார். என் புகாரில் ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ என்று எழுதி மூடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் யாரிடமும் சாதாரணமாகப் பேசவில்லை. காற்று எழும்பும் நேரம் நெருங்கினால் என் மனைவி அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உடைக்கிற மாதிரி வைப்பாள். ஒரு நாள் பகல் சிவப்பு எரிந்ததும் வெளியே போய்ப் பார்த்தாள். மச்சான் வீட்டு வலை எங்கள் ஒயர் மேல் காய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான்.

“எங்க ஒயர்தான் கெடச்சுதா உங்க வலைக்கு? இது அறுந்து அறுந்து போயி எங்க பொண்ணு பொழப்பு போவுது!”

மச்சான் மனைவியும் சளைத்தவள் இல்லை. “உங்க ஒயரு எங்க வாசலு மேல தாண்டிக்கினு போவுதே, நாங்க ஒரு வார்த்த கேட்டோமா? பெருசா பேச வந்துட்டா. ஒயரு இன்னா தாலிக்கயிறா, தொட்டாலே பாவம் வர?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. உள்ளே என் மகள் இருக்கிறாள், கதவு திறந்திருக்கிறது. மச்சான் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மச்சான் வந்து வலையை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த பாடு வந்தபோது படகில் போனோம். வலைக்குத் தேவையான பேச்சைத் தவிர அவர் வேறு பேசவில்லை. நானும்தான்.

வலை இல்லாமல் போயும் நெட்டு போய்க்கொண்டுதான் இருந்தது. எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நடந்தேன், ஒயரைப் பார்த்தேன், கட்டை இறுக்கினேன்.

இரண்டாவது தடவை ஆள் வருகிற நாளும் என் பாடு நாளில் விழுந்தது. பாடு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மச்சானிடம் வேறு ஆளை ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். ஆனால் அவரும் போகவில்லை, தன் வாசலில் உட்கார்ந்து வலை பொத்தலைக் கோத்துக்கொண்டிருந்தார். ஆள் வந்தார். எண்ணைச் சொன்னேன். உலர்ந்த விரல். பெட்டியிலிருந்து ஒயரைக் கழற்றி, ஒரு சின்ன மெஷினில் செருகிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“பெட்டி நல்லாத்தான் கீது. வழியில எங்கியோ அடி வாங்குது.”

வெளியே வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார். நான் பின்னால். சவுக்குக் கம்பிடம் வந்ததும் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

“தலைவரே, இது ஒயரா, படகா? படகு கட்ற மாதிரி கட்டிக்கீறாங்கோ! எவன் வேலை இது?”

கம்பின் தலையில் இரண்டு வளையம் போட்டு மாட்டி, இரண்டு பக்கமும் இழுத்த முடிச்சு. படகு கட்டவும் வலைக் குச்சி கட்டவும் நாங்கள் போடுவது. இழுக்க இழுக்க இறுகும், அவிழவே அவிழாது. காற்றில் படகு எவ்வளவு இழுத்தாலும் அவ்வளவுக்கு அவ்வளவு பிடிக்கும் என்பதுதான் அந்த முடிச்சின் பெருமை.

“இதுக்குள்ள கரண்டு போவல தலைவரே. வெளிச்சம் போவுது. தலைமுடி மாதிரி கண்ணாடி நூலு. இப்படி மடிச்சு இறுக்கினா வெளிச்சம் எப்படித் திரும்பும்? காத்து அடிக்க அடிக்கக் கம்பு ஆடும், முடிச்சு இறுகும், லைட்டு செத்துப்போவும். காத்து நின்னா கொஞ்சம் உயிர் வரும்.”

நான் சொன்னது சரிதான், காற்றுதான். ஆனால் காற்றுக்குக் கைப்பிடி செய்து கொடுத்தது நான்.

என் மனைவி அதற்குள் எதிர்வீட்டைப் பார்த்துக் குரலை உயர்த்த ஆரம்பித்துவிட்டாள். “வலைய கட்ட வந்தவங்கோதான் இதையும் கட்டியிருப்பாங்கோ...” என் மகள் குழந்தையோடு வாசலில் நின்றாள். முடிச்சைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் இடது கைக்காரன். என் வளையம் மற்றவர்கள் போடுவதற்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருக்கும். எங்கள் ஊரில் யார் படகை யார் கட்டினார்கள் என்று முடிச்சைப் பார்த்தே சொல்வார்கள்.

“நாந்தான்” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. “நாந்தான் கட்டுனேன். தெனிக்கும் இறுக்குனதும் நாந்தான்.”

“அடப்பாவி மனுஷா” என்றாள் என் மனைவி. திட்டுகிற குரலாக இல்லை, திட்டுவதற்குத் தெம்பில்லாத குரல்.

மச்சான் தலையைத் தூக்காமல், கோத்துக்கொண்டே சொன்னார். “எனுக்கு அப்பவே தெரியும் மச்சான், அது உன் முடிச்சுன்னு. ஆனா ஒயருக்கு முடிச்சு ஆவாதுன்னு எனுக்கும் தெரியாது. நல்லாத்தான் கட்டிக்கீறான்னு நெனச்சேன்.”

என் மனைவி தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குள் போனாள். உள்ளே இரண்டு பெண்களும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வரும்போது ஒரு கிண்ணத்தில் குழம்போடு வந்தாள்.

லைன்மேன் அந்த இடத்தை வெட்டி எறிந்து, புதிய துண்டு சேர்த்து, கம்பில் ஒரு கொக்கி அடித்து அதில் தளர்வாகத் தொங்கவிட்டார். எனக்கு அது அரைகுறை வேலையாகத் தெரிந்தது. இறுக்கக் கை துடித்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அன்று பகல் முழுக்கக் காற்று அடித்தது. பச்சை மாறவில்லை.

ஆனால் அதற்கு முன்பு அறுந்ததெல்லாம் கம்பெனி கணக்கில் நின்றது. இரண்டாவது கடிதம் தயாராக இருக்கிறது என்று மேலதிகாரி அம்மா சொன்னாராம். லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஏன் இப்படி ஆயிற்று என்று எழுதிக் கொடுத்தால் யோசிப்பார்களாம். மகள் ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

“புயல் காத்துல ஒயரு அறுந்துச்சுன்னு எழுது நைனா. அது போதும்.”

அப்படித்தான் எழுத ஆரம்பித்தேன். எழுத்து நகரவில்லை. பொய்யை எழுத இன்னும் நன்றாகப் படித்திருக்க வேண்டும் போலிருக்கிறது. கிழித்துவிட்டு, நடந்ததை எழுதினேன். ஒயரைக் கயிறு என்று நினைத்தேன். தொங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. கட்டினேன். நெட்டு போகப் போக இன்னும் இறுக்கினேன். பெண் ஒரு தப்பும் செய்யவில்லை, அவள் காலை ஏழரைக்கே உட்கார்ந்துவிடுவாள். இவ்வளவுதான் எழுதியது, ஒரு முழு நாள் ஆயிற்று. மூன்று தாள் வீணாயிற்று. அவள் அதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். இரண்டு நாள் பதில் இல்லை. அந்த இரண்டு நாளும் நான் எத்தனை தடவை கரைக்குப் போய் வந்தேன் என்று கேட்காதீர்கள்.

வேலையை நிறுத்தவில்லை. பார்க்கிற காலத்தை மட்டும் இன்னும் ஒரு மாதம் நீட்டினார்கள். வைகாசியில் முடிய வேண்டியது ஆனி கடைசிக்குப் போனது.

பெரியவர்கள் வைத்த தவணையோ வைகாசி. சொன்ன நாளில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா நேராகக் கேட்டார்.

“வேலை நெரந்தரம் ஆயிடுச்சா?”

“இன்னும் ஒரு மாசம் இருக்குது” என்றாள் மகள்.

“அப்ப ஆவல. பெரியவங்க சொன்ன நாளு முடிஞ்சிபோச்சு. துணிமணிய எடுத்துக்கினு கெளம்புமா.”

ஊர்த் தலைவர் என்னைப் பார்த்தார். “நீ இன்னா சொல்றப்பா? பெத்தவன் நீ.”

குழந்தை என் மனைவியின் வளையலைக் கடித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து நின்றேன். எழுந்தது பேசுவதற்கா, வழக்கம்போல் வெளியே நடப்பதற்கா என்று எனக்கே தெரியவில்லை.

“அந்த ஒரு மாசம் தள்ளிப்போனது என்னால. ஒயர நான் கட்டிப்புட்டேன். அது என் தப்பு” என்றேன். “போன தபா நீங்க சொன்னீங்கோன்னு அனுப்பினேன். அதுவும் என் தப்பு. இந்த தபா அனுப்ப மாட்டேன்.”

“ஒரு மாசம் கழிச்சி வேலை இல்லன்னா?” என்றார் பெரியப்பா.

“அப்பவும் அனுப்ப மாட்டேன்.”

உட்கார்ந்துவிட்டேன். பெரியவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். ஒரு மாதம் பொறுப்போம் என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் டீயைத் தொடாமல் போனார்கள். மகள் அந்த டீயை எடுத்துப்போய்ச் சூடாக்கி, எனக்கு ஒன்று கொடுத்துவிட்டுத் தானும் குடித்தாள்.

ஆனி கடைசி வேலை நாளில் பகல் இடைவேளையில் அவள் வெளியே வந்தாள். போனில் வந்த இங்கிலீஷ் கடிதத்தைப் படித்து, வரி வரியாகத் தமிழில் சொன்னாள். வேலை நிரந்தரம். என் மனைவிக்குப் பாதிதான் புரிந்தது.

“அப்ப நீ எங்கியும் போவ வேணாம்தானே?”

“வேணாம்மா.”

“எழுத்துல கீதா?”

“எழுத்துல கீதும்மா” என்றாள். இடைவேளை முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். வெகு நேரம் எழவில்லை.

மச்சான்தான் இதையெல்லாம் எழுதி வை என்றார். அன்றிலிருந்து இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளி, இப்போதுதான் எழுதி முடித்தேன்.

ஆடி மாதம் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை.